எல்லாரும் கீழே வந்த பிறகுதான் படம்

என் மூத்த பேரன் எஞ்சினியர். சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் வீடும் வாங்கிவிட்டான். அடுத்தவள் பல் வைத்தியர். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட்டுத்தான் கலியாணக் காட் அடித்தோம். மூன்றாவது பேரன் யூனிவர்சிற்றியில் மற்றப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். கடைக்குட்டி அபி பிசியோதெரபிஸ்ட். அதைவிடப் பெரிய விஷயம், கார் போகாத மலைப் பாதையில், மரங்களும் நின்றுபோகிற உயரத்தில், சரளைக்கல்லுக் கிறவலில் சைக்கிள் ஓடுகிறவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஒன்றையும் விடமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் ரோவிலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சிட்னி மச்சாளுக்குப் போனில் இதைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அபியிடம் வந்தபோது என் மகள் வதனி, அபியின் தாய், குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, போனை வையுங்கோ. கமலி அக்கா மலையில..." என்றாள்.

கமலியோடு சைக்கிள் ஓடிய பெண்களுக்கும், ஆஸ்பத்திரியில் அவளோடு தாதியாக வேலை செய்தவர்களுக்கும், கோயிலில் அவளைக் கண்டு கதைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் பேனை எடுத்தேன்.

கமலியின் மனுசன் டண்டினொங்கில் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது ஒரு வான் இடித்துச் செத்துப்போனவர். அது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் அவள் சைக்கிளை விடவில்லை. அபியையும் சேர்த்துக்கொள்ளலாமோ என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"றோட்டில மனுசனைப் பறிகுடுத்தனீங்கள். பிறகும் சைக்கிளோ அக்கா?" என்று வதனி கேட்டாள்.

"சைக்கிள் அவரைக் கொல்லேல்லை, வதனி. எனக்குக் கார் இல்லாத இடம் வேணும். மேல மலையில அப்பிடி ஒரு இடம் கிடக்கு."

என்ன மாதிரி றோட்டு என்று நான் கேட்டேன். கிறவல் என்றாள்.

"கிறவல் றோட்டில நாரி இடுப்பெல்லாம் முறிஞ்சுதானே பிள்ளை இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ உவ்வளவு காசு குடுத்துச் சைக்கிள் வாங்கித் திரும்பவும் கிறவலைத் தேடிப் போறியோ?"

அவளுக்குச் சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த ரீ புரைக்கேறிவிட்டது. "அந்தக் கிறவலில செல் குண்டு விழும் எண்டு ஓடினது அம்மா. இந்தக் கிறவலில வொம்பற் மிருகம்தான் குறுக்கால வரும்."

அபிக்குப் புதுச் சைக்கிள் வந்த அன்று நான் சும்மா இருப்பேனா? சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். சில்லின் நடுவில் தட்டு மாதிரி ஒன்று பளபளவென்று இருந்தது. பொட்டு வைக்கவென்றே செய்த இடம் போல இருந்ததால் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை இரண்டு பக்கமும் அப்பிவிட்டேன். அதுதான் பிரேக் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த நாள் மலையிலிருந்து இறங்கும்போது அந்தச் சைக்கிள் பேய் மாதிரிக் கத்தியதாம். கமலி பாதையோரத்தில் குந்தியிருந்து அந்தத் தட்டைத் துடைத்துத் துடைத்து, பிறகு முழு இறக்கத்தையும் அபியோடு நடந்தே இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, சாமியை ஹாண்டிலில வையுங்கோ. பிரேக்கை எங்களிட்ட விடுங்கோ."

அதற்குப் பிறகு ஒருமுறை என்னையும் காரில் கூட்டிக்கொண்டு போனாள். தார் றோட்டு முடிகிற இடத்தில் பெரிய இரும்புக் கேற். வாகனம் போகாமல் வருஷம் முழுக்கப் பூட்டியிருக்கும். ஓரத்தில் சைக்கிள் போக மட்டும் வழி. ஒரு மடக்குக் கதிரையை விரித்து என்னை இருத்தி, காலுக்குப் போர்வை சுற்றி, கையில் ரீப் போத்தலைத் தந்தாள். கேற்றின் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "இது பூட்டிக் கிடக்கிறதைப் பாத்தாத்தான் எனக்கு நெஞ்சு இளகும் அம்மா. இனிப் பின்னால ஒண்டும் வராது." அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். றோட்டில் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பத்துத் தரம் திரும்பிப் பார்க்கிறவள்.

கமலியிடம் ஒரு சட்டம் இருந்தது. மேலே எத்தனை படம் எடுத்தாலும் எடுக்கலாம். ஆனால் கடைசி ஆளும் கேற்றுக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் போன் குறூப்பில் போடவேண்டும். "வீட்டில பாத்துக்கொண்டு இருக்கிறவைக்குப் படம் எண்டா, எல்லாரும் கீழ வந்திட்டினம் எண்டு அர்த்தம்" என்பாள். அதனால் சனிக்கிழமை பின்னேரம் படம் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கண்ணாடியைப் போட்டு முதலில் அபியைத் தேடுவேன், பிறகு கமலியை.

அன்றைக்குப் படம் வரவில்லை.

நடந்ததை எனக்குச் சொன்னது சுதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, அன்றைக்கு அவர்களோடு போனவள். மேலே பழைய மரக்குடிசை ஒன்றுக்குப் பக்கத்தில் சாப்பிட இருந்திருக்கிறார்கள். "ஒரு படம் எடு அபி" என்று கமலி சொல்லி, அபி எடுத்திருக்கிறாள். எழும்பும்போது கமலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்துவிட்டாள். உதவி கேட்கிற சின்னக் கருவியை அமத்தினார்களாம்.

"ஹெலிகாப்டர் வந்துச்சு பாட்டி. மேல சத்தம் கேட்டுச்சு. ஒரே மேகம். சுத்திச் சுத்தி வந்துச்சு, எறங்க முடியல. கீழருந்து வண்டி கேட்டைத் தொறந்து ஏறி வர்ற வரைக்கும் அபி அவங்க நெஞ்சுல இருந்து கைய எடுக்கவே இல்ல. நான் மாத்தி அமுக்குறேன்னு சொன்னேன். விடல பாட்டி."

கார் வராத இடம் என்று தேடித் தேடிப் போனாள் கமலி, நான் பெறாத பிள்ளை. அந்த இடத்துக்கு உதவியும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இதை நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல? விளக்குக் கொளுத்தினால் திரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தேவாரம் வாயில் வருவதில்லை.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அபி அறையை விட்டு வருவதில்லை. வேலைக்குப் போகவில்லை. ஆட்களின் உடம்பில் கை வைக்கிற வேலை. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். புட்டைக் கொண்டுபோய் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது. சைக்கிள் கராஜில் மலை மண்ணோடு நிற்கிறது. விற்கப்போகிறேன் என்று வதனி நிற்கிறாள். அவளும் தாய்தானே, அவளுடைய பயமும் எனக்குத் தெரியும்.

போன கிழமை கதவடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு அபியைக் கேட்டேன். "அந்தக் கடைசிப் படத்தை எண்டாலும் அம்மம்மாக்குக் காட்டன் பிள்ளை."

கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் மட்டும் வந்தது. "ஐ காண்ட், அம்மம்மா. கமலி அன்ரியின்ர ரூல் தெரியும்தானே. எல்லாரும் கீழ வரேல்லை."

நாலு பேரக்குழந்தைகளின் பெருமையை நிறுத்தாமல் பேசுகிற வாயால், "புட்டு ஆறப்போகுது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

இரவெல்லாம் யோசித்து வைத்த பதிலை இப்போது எழுதுகிறேன். அபி இதை வாசிப்பாளோ தெரியாது. வாசிக்காவிட்டால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். கமலி கீழே வந்துவிட்டாள் பிள்ளை. நீதான் விடாமல் அவளோடு நின்று, அந்த வண்டியில் பக்கத்திலேயே இருந்து கொண்டுவந்தாய். நாங்கள் குளிப்பாட்டிச் சேலை உடுத்தி வாய்க்கரிசி போட்டு அனுப்பினோம். கேற்றுக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது நீ மட்டும்தான்.

சுதா, மற்றப் பிள்ளைகள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் பனி விழும் என்கிறார்கள். விழுந்தால் அந்தப் பாதை கோடை வரைக்கும் இல்லை. அவ்வளவு நாள் இந்தப் பிள்ளை தாங்கமாட்டாள். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடிசை வரைக்கும் போகவேண்டாம். அவள் எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து திருப்பிக்கொண்டு வாருங்கள். வதனியிடம் நான் கதைக்கிறேன். சைக்கிளைக் கழுவி வைக்கிறேன். பிரேக்கில் கை வைக்கமாட்டேன்.

கமலி விரித்துத் தந்த மடக்குக் கதிரை என்னிடம்தான் இருக்கிறது. அவளுடைய பொருளென்று வேறொன்றும் நான் கேட்கவில்லை. அதைக் கொண்டுவந்து கேற்றடியில் போட்டு இருப்பேன், எவ்வளவு நேரமானாலும். எல்லாரும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு, அபி, உன் கையால் ஒரு புதுப் படம் போடு.