சூடு காட்டும் வளையம்

மின்சாரமே கொடுக்காத சிப் எப்படிச் சூடாகும்? திருப்பதியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன். சிப்பின் மேல் தலைமுடி அகலம்கூட இல்லாத ஒரு சிலிக்கான் வளையம். அதற்குள் லேசர் ஒளியைச் சுற்றவிட வேண்டும். சிப் சூடானால் வளையம் பிடித்துக்கொள்ளும் ஒளியின் அலைநீளம் சற்று நகரும். அந்த நகர்வை வைத்து வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். காகிதத்தில் அழகான வேலை. ஆனால் அணைத்து வைத்த சிப்பையும் அது அறையைவிடச் சூடாகக் காட்டியது.

ஏசியைச் சந்தேகப்பட்டேன். கதவைத் திறக்க வேண்டாம் என்று எழுதி அட்டை ஒட்டினேன். ஒளியிழையைக் கழற்றி மாட்டினேன். சிக்னல் தெளிவாக இருந்தால் புரியும் என்று லேசரைக் கூட்டினேன். சூடு இன்னும் ஏறியது. எரிச்சலில் அழுகையே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் என் அக்கா மகனுக்கு ஞானஸ்நானம். காலையிலேயே நைனா போன் செய்தார்.

"இன்னாமா, கெளம்பிட்டியா?"

"வேலை கீது நைனா. சூடு அளந்துகினு இருக்கேன்."

"அதுக்கு ஒரு நாள் பூராவா? நல்ல தெர்மாமீட்டரா ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். போனை வைத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினேன்.

பக்கத்து மேசை நாயுடுபேட்டைக்காரி அப்போதுதான் வந்து நின்றாள். "அக்கா, என் லேசர் போயிடுச்சு. உன் வெளிச்சத்துல பாதி எனக்குப் பிரிச்சுக் குடு. அரை மணி நேரம் போதும்."

"எடுத்துக்கோ. இங்க எதுவும் உருப்படப் போறதில்ல."

அவள் ஒளியைப் பிரித்ததும் என் திரையில் சூடு இறங்கியது. இன்னும் குறைத்தேன், இன்னும் இறங்கியது. சூடேற்றியது நான் அனுப்பிய ஒளிதான். அளக்கிற வளையத்தை நானே வாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேராசிரியரைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானேம்மா. மொதல்லயே பவரைக் குறைச்சுப் பாத்திருக்கலாமே."

"நீங்களும் மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்," என்றேன். அவர் வேறு ஏதோ பேச ஆரம்பித்தார்.

குறைந்த ஒளியில் சிக்னல் இரைச்சலில் மூழ்கியது. பலமுறை அளவெடுத்துச் சராசரி பார்த்த பிறகுதான் வளையம் காட்டிய சூடு அறையின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சித்தூர் பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டரும் கிளம்பிப் போயிருந்தார். குழந்தை வெள்ளைச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிரியாணி ஆறிப்போச்சி," என்றாள். "அப்டியே துன்னு."