போளூர் அண்ணன் விற்ற டிஸ்க்

பழைய வீடியோ கேம் வாங்குவதில் என்னை ஏமாற்றுவது சுலபமில்லை. பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடையில் பெட்டி ஒன்று, உள்ளே டிஸ்க் வேறொன்று என்று கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து உஷாராகிவிட்டேன். கடையிலேயே பெட்டியைத் திறப்பேன், டிஸ்க்கைத் திருப்புவேன், செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கீறல் பார்ப்பேன். கடைக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்ட நான் டார்ச் அடிக்காமல் ஒரே ஒரு முறை வாங்கினேன். அதுவும் என் தங்கைக்காக.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன் மூன்று நாள் பொம்மனஹள்ளியில் என் அறைக்கு வந்து தங்க வீட்டில் எப்படியோ அனுமதி வாங்கிவிட்டாள். பெங்களூரில் என்ன பார்க்கவேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், அந்த கேமை முடிக்கவேண்டும் என்றாள். ஆரணியில் மாமா வீட்டிலிருந்து இரவல் வாங்கி நாங்கள் இருவரும் ஆடிய கேம் அது. தனியாக ஆட முடியாது. ஒருத்தி கயிற்றைப் பிடித்தால்தான் இன்னொருத்தி மேலே ஏறலாம். முடிவுக்குப் போவதற்குள் மாமா பையன் வந்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மலை உச்சியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் எந்த ஊரில், எந்த வீட்டில், யாரைக் கேட்டு என்னோடு உட்கார்ந்து கேம் ஆடப்போகிறாள்? இந்த மூன்று நாள்தான் உண்டு.

புதிய டிஸ்க் இப்போது எங்கும் வருவதில்லை. நாலைந்து கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் பேஸ்மெண்டில் கண்டுபிடித்தேன். அலமாரி முழுக்கக் காலிப் பெட்டிகள், டிஸ்க்கெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் டிராயரில். கடைக்காரர் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

"இன்னாத்துக்கும்மா கத்துற? கடையில கீறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்துப் பேச்சு அது. ஆபீஸில் ஒருமுறை 'இன்னா' என்று வாய் தவறிச் சொன்னதற்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு வாரம் கலாய்த்தார்கள். அதன்பிறகு அந்தத் தமிழை அம்மாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்துவிட்டேன். போனை வைத்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"ஆரணிண்ணா."

"ஐய! நான் போளூரும்மா! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

போளூர் எங்கள் பக்கத்து ஊர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டீ வரவழைத்தார். ஊரில் மழை எப்படி, பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் கொட்டித் தீர்த்தேன், தங்கை கல்யாணம் வரைக்கும். யோசித்துப் பார்த்தால் ஊரைப் பற்றிப் பேசியது முழுக்க நான்தான். அவர் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றதோடு சரி. அன்று அது உறைக்கவில்லை.

டிஸ்க்கை எடுத்து வைத்தார். என் கை பழக்கத்தில் போனுக்குப் போனது.

"ஊர்க்காரங்கிட்டயே டார்ச் அடிச்சுப் பாக்குறியாம்மா?" என்று சிரித்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சேச்சே, மணி பாத்தேண்ணா" என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். அந்த ஊரில் நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய நிரந்தரப் புலம்பல். இப்போது ஒருவர் கிடைத்துவிட்டார். தங்கை வந்தபோது அவள் பையில் தனியாகக் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது.

"அதிரசம். போளூர் அண்ணனுக்காம். அம்மா குடுக்கச் சொல்லிச்சு" என்றாள்.

முதல் நாள் சாயங்காலமே ஆரணியில் விட்ட இடத்தைத் தாண்டிவிட்டோம். இரண்டாம் நாள் மலை. அவள் கயிற்றைப் பிடித்தாள், நான் ஏறினேன். பாதி ஏறியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கைத் துடைத்துப் போட்டோம். அதே இடம், அதே பாறை, நான் ஒரு காலைத் தூக்கியபடி தொங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முழுக்கப் போராடிப் பார்த்தோம். சாயங்காலம் அவள் துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"வுடுக்கா. அடுத்த தபா வரும்போது பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த தபா கிடையாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் டார்ச் அடித்தேன். விளிம்பு ஓரமாக ஆழமான கீறல். அதன் மேல் எதையோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். அப்போதும் எனக்குப் போளூர் அண்ணன் மேல் சந்தேகம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. யாரோ அவரை ஏமாற்றி விற்றிருப்பார்கள், பாவம் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டிஸ்க்கையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். வழியில் சில்க் போர்டு ஜங்ஷன் தூசிக்காக மாஸ்க் போட்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் அவர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். தனக்குச் சித்தூர் என்று சொல்வது புரிந்தது. மாமியார் ஊராக இருக்கும் என்று அவருக்காக நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என் முறை வந்தது.

"அண்ணா" என்றேன்.

"தமிழாம்மா? எந்த ஊரு?"

அன்று கேட்ட அதே கேள்வி. வாய் தானாகச் சொன்னது. "கோவில்பட்டி."

"அட! நமக்கு எட்டயபுரம்லா! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

ஊர் மட்டும் மாறவில்லை, பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. நான் மாஸ்க்கைக் கழற்றினேன். டிஸ்க்கைக் கல்லா மேல் வைத்தேன்.

"போளூரு எப்பண்ணா எட்டயபுரத்தாண்ட போச்சு?"

ஒரு கணம் உற்றுப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குறைந்தது ஒரு அசட்டுச் சிரிப்பு. ஒன்றுமில்லை. டிஸ்க்கை என் பக்கம் தள்ளிவிட்டு, "ரிட்டர்ன் இல்லா மேடம்" என்று கன்னடத்தில் சொன்னார். அதற்குமேல் நான் தமிழில் கேட்ட எதுவும் அவருக்குப் புரியவில்லை. எனக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம் தெரியும், சண்டை போடும் அளவுக்குத் தெரியாது. பின்னால் நின்றவர் என்னை நகரச் சொன்னார்.

டிஸ்க் போனதுகூடப் பெரிதில்லை. அம்மாவுக்கு மட்டும் என்று வைத்திருந்த தமிழை இந்த ஆளிடம் போய்ப் பேசினேனே, அதுதான் எரிந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்தேன். கோபம் தீர ஒன்றைக் கடித்தபோது அம்மா போன் செய்தாள்.

"அண்ணன்கிட்ட குடுத்தியா? இன்னா சொன்னாரு?"

"நல்லா கீதுன்னு சொன்னாரும்மா."

"பாத்தியா! நம்ம ஊரு ஆளுன்னா சும்மாவா? கல்யாணத்துக்கு மொத பத்திரிகை அவருக்குத்தான் வெக்கணும். எத்தினி பேரு வருவாங்கன்னு கேட்டு வெய்யி."

வாயில் அதிரசம் இருந்ததால் பதில் சொல்லாமல் நிற்க முடிந்தது.