பால் டீ நிறத்தில் ஆயில்

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். சுனாமிக்கு அடுத்த வருடம் கடலூரில் ஒரு படகு எஞ்சின் பட்டறையில் இருந்தேன். சிதம்பரம் பக்கம் கிள்ளையில் ஒரு மீனவரின் புது எஞ்சினைப் பார்க்க அனுப்பினார்கள்.

அளவுக் குச்சியை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் போயிருக்கும் என்று பிரித்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தது.

“தினம் எவ்ளோ தூரம் ஓட்டுறீங்க மாமா?”

பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் சிரித்தார். “எங்க ஓட்டுறாரு? கரையோரமா ரெண்டு சுத்து. அப்புறம் கொழந்தைய மாதிரி தொடச்சிப் போத்தி வுட்டுடுவாரு.”

எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தியதால் உள்ளே வேர்த்து, அந்த ஈரம் ஆயிலில் கலந்திருக்கிறது. எஞ்சினைத் திரும்பப் பூட்டி, பழையதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன்.

“நல்லா தூரமா ஓட்டுங்க மாமா. இல்லன்னா எஞ்சின் கெட்டுடும்.”

“அந்த அலைக்கு அப்புறம் மொகத்துவாரம் தாண்ட மனசு வரல தம்பி.”

அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினார். “நானும் வரேன். கெளப்புய்யா.”

“பொம்பள கடலுக்கு வர்றதா?”

“எஞ்சினே புதுசு. இதுவும் புதுசா இருந்துட்டுப் போவட்டும்.”

மீனவர் எஞ்சின் கயிற்றை இழுத்தார். படகு முகத்துவாரத்தைத் தாண்டியது.

ஓரிடத்தில் நிற்காதவன் நான். அன்று அவர்கள் திரும்பி வரும்வரை கரையிலேயே நின்றிருந்தேன்.