நீர்க்காகங்களைச் சேர்த்துவைத்த துண்டுகள்

மைக்கைத் திறந்ததும் எழும் 'கீ' என்ற ஓசைக்கு எங்கள் ஊர் நாய்கள் வாவிக்கரைவரை ஓடும். நானோ மேடையடிக்கு ஓடுவேன், ஏனென்றால் அடுத்து மேடையேறப் போவது 'நீர்க்காகங்கள்' இசைக்குழு. உள்நாட்டுப் போர் சற்று ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களில், பெரியகல்லாற்றில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையான எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருக்கவில்லை.

பாடுபவர் தேவன் அண்ணன். கிற்றார் வாசிப்பவர் அவருடைய தங்கையைக் கட்டிய செல்வம் அண்ணன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் குடியேறுவதுதான் வழக்கம். ஆகவே செல்வம் அண்ணன் குழு ஒத்திகை பார்க்கும் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்து சேர, தேவன் அண்ணனோ தானும் கல்யாணம் முடித்து, பிறந்த வீட்டையும் அதிலிருந்த டிரம்ஸையும் மைத்துனரிடம் விட்டுவிட்டு நாவற்குடாவுக்குப் போனார். இப்படியொரு ஏற்பாட்டில் குழு உடையாமல் இருந்தால்தான் அதிசயம். பாட்டின் நடுவில் செல்வம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே போவார். பாடகர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நான் என்ன, மைக்குக்குக் காவலா?" என்று ஒருநாள் மேடையிலேயே கேட்டுவிட்டு இறங்கிப் போனவர் பிறகு திரும்பவில்லை.

மறுமாதம் நாவற்குடாவில் 'அசல் நீர்க்காகங்கள்' முளைத்தது. எங்கள் ஊரில் மிஞ்சியது 'புதிய நீர்க்காகங்கள்' ஆனது. இரண்டையும் கேட்டவள் சொல்கிறேன், இரண்டும் சகிக்கவில்லை. அப்போது அதை ஒப்புக்கொள்வேனா? நான் குரல் கட்சி. வகுப்பில் ஒரே வாங்கில், அதாவது பெஞ்சில், இருந்த சிநேகிதி சுதா கிற்றார் கட்சி. வாங்கின் நடுவே கோடு கீறிவிட்டு ஒரு பள்ளித் தவணை முழுக்கப் பேசாமல் இருந்தோம். ஆனால் உள்ளுக்குள் இருவருக்கும் ஏக்கம் ஒன்றுதான்: குரல் ஒரு வரி கேட்க, கிற்றார் அதற்குப் பதில் சொல்லும் அவர்களுடைய 'தோணிப் பாட்டை' இன்னொரு தரம் கேட்கவேண்டும்.

வழி விட்டது கோயில். எங்களில் 'குடி' என்னும் குலம் தாய்வழியில் வருவது. தங்கையின் குடிதான் தேவன் அண்ணனின் குடியும் என்பதால், எந்த ஊரில் வாழ்ந்தாலும் தீர்த்தத் திருவிழாவன்று குடிக்குரிய கடமைக்காக அவர் எங்கள் கோயிலில் வந்து நின்றாகவேண்டும். அன்று பிற்பகல் கோயில் வெளியில் இசைப்பது செல்வம் அண்ணன் குழு. இதை முதலில் கணக்குப் போட்டவள் சுதா என்பதை இன்றாவது ஒப்புக்கொள்கிறேன். அவளே கோட்டைத் தாண்டிவந்து சொன்னாள்: "அவர் கட்டாயம் வருவார் கா. நாம எல்லாரும் துண்டு எழுதுவம்."

விரும்பிய பாட்டைத் தாளில் எழுதி மேடைக்கு அனுப்புவதுதான் 'துண்டு'. கொப்பிகளைக் கிழித்தோம், கையெழுத்து வேறுபடவேண்டும் என்று வகுப்பையே எழுதவைத்தோம். அறிவிப்பாளர் முதல் துண்டை வாசித்தார்: தோணிப் பாட்டு. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது, எல்லாம் தோணிப் பாட்டு. சனம் சிரித்தது. புதுப் பாடகர் மெல்ல ஒதுங்கினார். செல்வம் அண்ணன் அதன் தொடக்கத்தை வாசித்தார். குரல் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். குரல் வரவில்லை. திரும்பவும் வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார்.

வேட்டியும் சந்தனமுமாகக் கூட்டத்தில் நின்ற தேவன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மேடையேறினார். மைக் திறந்திருந்ததால் ஊரே கேட்டது: "மச்சான், எத்தின தரம்தான் அதையே வாசிப்பாய்? சனம் எழும்பிப் போகப்போகுது."

"நீ பாடினா நான் ஏன் அதையே வாசிக்கன்?"

பாடினார். அடுத்த வரிக்குள் நானும் சுதாவும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தோம். கட்சியெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரு அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்ட செருக்கு எனக்கு.

ஒன்றுசேர்ந்த குழு அதன்பின் நான்கு வருடம் ஓடிவிட்டு மறுபடி உடைந்தது. இன்று ஒத்திகை வீடு இருந்த இடத்தில் மாடிவீடு நிற்கிறது. தேவன் அண்ணன் கட்டாரில். விரும்பிய பாட்டை ஆளுக்காள் கைபேசியில் போட்டுக் கேட்கும் காலத்தில் துண்டு எழுதுவார் யாருமில்லை. போன மாதம் செங்கலடிச் சந்தையில் செல்வம் அண்ணனைக் கண்டேன். பக்கத்தில் நின்ற பேரனிடம் என்னைக் காட்டி, "இந்தப் புள்ள இல்லாட்டி நானும் மச்சானும் மறுகா ஒரு மேடையில ஏறியிரிக்க மாட்டம்" என்றார்.

சுதாவின் பெயரைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சந்தை நடுவில் தலையை நிமிர்த்தி, அந்தப் புகழ் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன்.