அநியாயத்துக்குப் பாசம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் எல்லோருக்கும் நான் "டீச்சர்". பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருடமாகிவிட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. இப்போது வீட்டிலிருந்தபடியே பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. பிறந்த திகதிக்கு இரண்டு கருத்துக் கிடையாது. மனிதர்கள் தங்கள் வாயில் வருவதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்குத் தலையிடி தொடங்கும்.

மேல்மாடி அக்கா கொண்டுவந்தது அப்படியொரு கடிதம். அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணமாகி, மூன்று கிழமையில் மாப்பிள்ளை வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டார். மகளை அங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார்கள். இது உண்மையான கலியாணம்தான் என்று தாயும் ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அக்கா ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதில் இரண்டு வரி இப்படி: "மருமகன் என் மகளில் அநியாயத்துக்குப் பாசம். அநியாயத்துக்குப் போன் கோல் எடுப்பார்."

அநியாயம் என்றால் நீதிகேடு. ஆனால் எங்கள் ஆட்களின் வாயில் அது வேறு. அநியாயத்துக்கு நல்ல மனுசன் என்போம். பிள்ளை அநியாயத்துக்குப் படிக்குது என்போம். அதில் முறைப்பாடு எதுவும் கிடையாது, வாய் நிறைந்த சந்தோசம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு அவசரம். அகராதியைத் திறக்காமலே இரண்டு இடத்திலும் "எக்செசிவ்" என்று போட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த கொழுப்பு.

ஏழு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. விளக்கம் கொடுக்க முப்பது நாள் தவணை. தாயும் மகளும் அந்த ஏஜென்ட், இந்த ஏஜென்ட் என்று எங்கள் காலி வீதி முழுக்க அலைந்துவிட்டு, என் கதவைத் தட்டும்போது மிச்சம் இரண்டே இரண்டு நாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடிதத்தை வாசித்ததும் ஆத்திரம் என் பக்கமே திரும்பிவிட்டது. நான் போட்ட சொல்லை அப்படியே எடுத்துக்காட்டி எழுதியிருந்தார்கள். கணவரின் அன்பும் அழைப்புகளும் வரம்பு மீறியவை என்று பெண்ணின் தாயே சொல்கிறாராம். ஆகவே இந்தப் பெண் தன் விருப்பத்தோடுதான் போகிறாளா என்று சந்தேகமாம்.

"டீச்சர், எக்செசிவ் எண்டால் என்ன?" என்று அக்கா கேட்டார்.

"கூட எண்டு அர்த்தம், அக்கா."

"அவர் கூடத்தானே எடுக்கிறவர்?"

"இது கூடாத கூட."

அக்கா கடிதத்தை மெல்ல என் பக்கம் தள்ளி வைத்தார். என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையிலேயே மகளையும் போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் மிகுதியைச் சொல்லும் சொற்களை அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"எக்ஸ்ட்ராவகன்ட், அன்ரி?"

"அது காசை வாரி இறைக்கிற ஆளுக்கு. உன்ர மனுசன் மாளிகை கட்டித் தந்தவரே?"

"எக்ஸோர்பிட்டன்ட்?"

"அது மீன் விலைக்கு."

"புரொஃபியூஸ்?"

"அது வேர்வைக்கும் மன்னிப்புக் கேக்கிறதுக்கும்."

"எக்ஸூபரன்ட் நல்லாயிருக்கு, அன்ரி."

"நாய்க்குட்டி துள்ளுறதுக்கு நல்லாத்தான் இருக்கும்."

"இன்ஓர்டினட்" என்று அவள் வாசித்தபோது கொஞ்சம் யோசித்தேன். எக்செசிவுக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டது போன்ற சொல். ஆனால் உள்ளே அதே குற்றச்சாட்டுத்தான். "லாவிஷ்" கிட்ட வந்தது. பாசத்தைத் தாராளமாகப் பொழிகிறார் என்று அதை ஒருமாதிரி ஒப்பேற்றலாம். கோல் எடுப்பதற்கு அது ஒட்டாது. அந்தப் பாஷையில் இத்தனை சொற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முகத்தைச் சுளிக்கிறது! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எங்களிடமும் இருக்கிறதுதான். ஆனால் அதைச் சொல்கிற அதே வாய்தான் அநியாயத்துக்கு நல்லவன் என்றும் சொல்கிறது. இதை எந்த அகராதியில் போய்த் தேடுவது?

மத்தியானம் அக்கா இறங்கி வந்தார். நான் களைத்துப்போய், "அக்கா, தமிழையே மாத்துவம். 'மிகவும் பாசம்' எண்டு எழுதித் தாங்கோ," என்றேன்.

"மாத்தமாட்டன்."

"ஏன்?"

"முதல் ஒண்டு, இப்ப ஒண்டு எண்டால் நான் பொய் சொன்ன மாதிரியெல்லோ? பிழை விட்டது நீங்கள், டீச்சர். தமிழ் என்ன செய்தது?"

சுரீரென்று ஏறியது. உண்மை என்றபடியால் இன்னும் கூட ஏறியது.

"அப்ப சொல்லுங்கோ!" என்று கத்தினேன். "அநியாயத்துக்கு எண்டால் எவ்வளவு? கோதாரி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் எடுக்கிறவர்?"

அக்காவும் விடவில்லை. "விடிய எழும்பினால் எடுப்பார். வேலைக்குப் போற பஸ்ஸில எடுப்பார். இவள் சாப்பிட்டாளோ எண்டு கேக்க எடுப்பார். அண்டைக்கு மழைக்குக் கரண்ட் நிண்டு, இவளின்ர போன் செத்துப்போச்சு. கீழ போட்டோகொப்பிக் கடை நானாவுக்கு எடுத்திருக்கிறார். அந்த மனுசன் நாலு மாடி மூச்சு வாங்க ஏறிவந்து, 'புள்ள சொகமா இரிக்காவா எண்டு மாப்புள கேக்கிறார்' எண்டு வாசல்ல நிண்டவர். அதுதான் டீச்சர், அநியாயத்துக்கு!"

மகள் தலையைக் குனிந்துகொண்டு, "அவர் எடுக்கப் பிந்தினால் நான் எடுத்திடுவன், அன்ரி," என்றாள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் காலை முழுக்க ஒரு சொல்லுக்குத் தலையை உடைத்திருக்கிறேன். விசரி!

பெயரடை ஒன்றும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, தாயும் மகளும் சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் தட்டினேன். விடியற்காலைக் கோல், பஸ் கோல், சாப்பாட்டுக் கோல், மழை நாளில் நானா ஏறிவந்தது, அவர் பிந்தினால் இவள் எடுப்பது, எல்லாம். நானாவும் தான் வந்து கேட்டது உண்மையென்று ஒரு துண்டில் கையெழுத்து வைத்தார். கடைசியில் என் பங்கு. இந்தத் தமிழ்ச் சொல் புகழ்ந்து சொல்வது, முன்பு நான் அதற்குப் போட்ட ஆங்கிலம் பிழை, அந்தப் பிழை என்னுடையது மட்டும்தான் என்று எழுதி, கீழே அதே முத்திரையைக் குத்தினேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அக்கா ஆறுதல் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலாவது மாதம் விசா வந்தது. அக்கா ஒரு பெட்டி கேக்கோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். அடுத்த மாதம் பிள்ளை விமானம் ஏறிவிட்டாள்.

போன கிழமை லிப்ட் பழுது. படியில் ஏறும்போது நடுவில் அக்கா இளைப்பாற உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிள்ளை எப்பிடி? கோல் எடுக்கிறவளோ?"

"ஓம் டீச்சர். அவளுக்கும் இப்ப வேலை, பாவம். ஞாயிற்றுக்கிழமையில எடுப்பாள்." பிறகு, "அளவா எடுக்கிறாள்," என்றார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. போன் அவர் கையிலேயே இருந்தது.