கரடியின் காதில் குடை

பாலர் பள்ளியில் கதை வாசிக்கும் வேலையில் முதல் பக்கத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். தாண்டிவிட்டால் இரண்டாம் பக்கமும் கஷ்டம்.

வீட்டிலோ வகுப்பிலோ பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டி மாட்டிக்கொண்ட சக துன்பசாலிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் தினமும் பாரோயிலிருந்து கோலா சாவா பக்கம் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குப் போய் வருகிறேன். ஐந்து, ஆறு வயதில் பதினான்கு உருப்படிகள். சமைக்கவும் துடைக்கவும் பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போகவும் லெட்சுமி அக்கா. ஒரு கதைக்கு மூன்று புதுச் சொல் என்பது பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. சொல் உள்ளே போகும். எந்த உருவத்தில் வெளியே வரும் என்பது அவரவர் தலைவிதி.

எந்தப் பக்கம் வெட்டணும்?

அன்றைய கதையில் ஒரு பசு வந்தது. மடி, கன்று, கறத்தல் என்று மூன்று சொற்களைப் பலகையில் எழுதிவிட்டு, "பால் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். "மரத்துலேருந்து!" என்றான் சர்வின். அவன் அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர். அவன் பிறந்ததிலிருந்து வீட்டில் பால் என்றால் ரப்பர் பால்தான். குடிக்கிறது வேறு, அதற்கு மலாயில் சொல்கிற மாதிரி சூசு என்று பெயர்.

நான் விடுவேனா? பசுவின் படத்தைக் காட்டி, மடியைத் தொட்டுக் காட்டி, கறப்பது எப்படி என்று இரண்டு கையாலும் நடித்தும் காட்டினேன். சர்வின் எழுந்து வந்து பசுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் கவலையோடு கேட்டான்:

"அப்ப மாட்ட எந்தப் பக்கம் டீச்சர் வெட்டணும்?"

பேராசை

அடுத்த வாரக் கதையில் ஒரு பேராசைக்கார நரி. 'எல்லாம் எனக்கே வேண்டும் என்பதுதான் பேராசை' என்று அழகாகத்தான் விளக்கினேன். தனுஷா தலையைத் தலையை ஆட்டினாள். அப்படி ஆட்டுகிற பிள்ளையைத்தான் நம்பக் கூடாது என்று இருபது வருஷ அனுபவம் சொல்கிறது. நான் நம்பினேன்.

அவளுக்குத் தன் பெயர் பிடிக்காதாம், வேறு பெயர் வேண்டுமாம். ஆக, பேர் மேல் ஆசை வந்தால் அது பேராசை. மூன்றாம் நாள் அவள் அம்மா மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே வாசலில் நின்று சொன்னார்:

"டீச்சர், வீட்டுக்கு யார் வந்தாலும் 'எனக்குப் பேராசை, எங்கம்மாதான் வேணாங்குறாங்க'ன்னு சொல்றா. என் மாமியா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

எல்லாம் 'அது'

இவர்களாவது தப்பாகச் சொன்னார்கள். யஷ்வினி எதுவுமே சொல்லவில்லை. ஆறு வயது. தண்ணீர் வேண்டுமா, "அது." பென்சில் வேண்டுமா, "அது." கதை வாசிக்கும்போது மற்ற பிள்ளைகள் படத்தைப் பார்த்தால் இவள் என் வாயையே பார்ப்பாள். ஆசை ஆசையாய்ப் பார்ப்பாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். பிடிவாதக்காரி என்றுதான் நானும் எழுதி வைத்திருந்தேன்.

அவள் அம்மா சுமதி நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடியுமுன் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவாள். லீவு நாள் ஒன்றில் என்னைப் பார்க்க வந்தாள். அடுத்த வருஷம் யஷ்வினிக்குப் பெரிய பள்ளியில் முதலாம் ஆண்டு. பிள்ளைக்கு மூளை மந்தம், தனி வகுப்பில் போட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, அவளும் பாதி நம்பிவிட்டாள். நானும்தான் கால்வாசி நம்பியிருந்தேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம், பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கிறேன் என்றேன். அவள் போகும்போது திரும்பிக் கேட்டாள்:

"ஸ்கூல்ல பதிஞ்சிடட்டுமா, வேணாமா? நெசத்தைச் சொல்லுங்க டீச்சர், நான் அழ மாட்டேன்."

குடைச்சல்

அப்புறம் வந்தது கரடிக் கதை. 'கரடியாருக்குக் காது குடைந்தது' என்று வாசித்தேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. காதில் குடையாம்! "அந்தக் குடை இல்லடா, இது குடையுறது. உள்ளே நமநமன்னு இருக்கும், வலிக்கும்" என்று சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டினேன், முகத்தைச் சுளித்தேன், ஐயோ என்றேன். வருஷத்திலேயே சிறந்த நடிப்பு அன்றைக்குத்தான்.

பலன்? படம் வரையச் சொன்னால், பதினான்கு கரடிகளின் காதிலும் விரித்த குடை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குடை வரைய, யஷ்வினி மட்டும் இரண்டு காதுக்கும் இரண்டு வரைந்திருந்தாள். நன்றாக இருக்கிறதே என்று ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். அவ்வளவுதான் என் புத்தி. படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டே லெட்சுமி அக்கா சொன்னார்:

"நல்லாத்தான் பாடம் நடத்துறீங்க லா டீச்சர். இனிமே எந்தக் கரடியும் மழையில நனையாது."

பூப்போட்ட குடை

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பசியாறும் நேரத்தில் நல்ல மழை. யஷ்வினி லெட்சுமி அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "குடை" என்றாள். 'அது' இல்லை. குடை! அக்கா போட்ட கூச்சலில் நான் அடுப்படிக்கு ஓடினேன். பிள்ளை வாய் திறந்துவிட்டாளே என்று அக்கா தன் கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்தார். தள்ளிவிட்டாள். சரி, நிறம் பிடிக்கவில்லை போலும் என்று என்னுடைய பூப்போட்ட குடையைக் கொடுத்தேன். அதையும் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே என்னைச் சுவர் வரைக்கும் இழுத்துப் போய், தன் படத்தைத் தொட்டு, "கரடி குடை" என்றாள். பிறகு சுண்டுவிரலைக் காதில் விட்டு முகத்தைச் சுளித்தாள். அச்சு அசல் நான் சுளித்தது மாதிரியே.

அவள் கேட்டது மழைக்குக் குடை இல்லை, அவள் காதுதான் குடைகிறது. சுமதிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் மூவரும் ரந்தாவ் கிளினிக்கில் இருந்தோம். இரண்டு காதுக்குள்ளும் ரொம்ப நாளாக நீர் கட்டியிருக்கிறது, பாதிச் சத்தம்தான் உள்ளே போயிருக்கும் என்றார் டாக்டர். மூளைக்கு ஒன்றும் இல்லை, சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் சரிசெய்துவிடலாம் என்றார். சுமதி வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழ மாட்டேன் என்றவள் அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்? மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சொன்னா கேக்க மாட்டேங்குறா, கேக்க மாட்டேங்குறான்னு எத்தனை அடி அடிச்சிருக்கேன் டீச்சர். பாவி நான், அவளுக்குக் கேக்கவே இல்லையே."

திரும்பிப் பார்த்தவள்

சிரம்பானில் யஷ்வினிக்குச் சின்ன அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கப்புறம் தாளைக் கசக்கினால்கூடத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். கூரை மேல் மழை விழுவதை ஒரு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சொற்கள் ஒன்றிரண்டாக வந்து, பிறகு பொலபொலவென்று கொட்டின. பாதி தப்பு. எனக்கு அத்தனையும் இனிப்பு. சுமதி முதலாம் ஆண்டுக்குப் பதிந்த தாளைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் பழக்க தோஷத்தில் யஷ்வினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் காதருகே குனிந்து, சிகிச்சைக்குக் காத்திருந்த மாதங்களில் செய்த மாதிரி உரக்க வாசித்தேன். இரண்டு வரி பொறுத்தாள். மூன்றாவது வரியில் என் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்:

"டீச்சர், ஏன் கத்துறீங்க? எனக்குக் கேக்குதுல்ல!"

மூன்று சொல் கற்றுக்கொடுத்தால் இரண்டு தப்பாகத்தான் போய்ச் சேரும், ஆனால் எந்தச் சொல் தப்பாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு பிள்ளை பிழைக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.