மேய்ப்பருக்குத் துணையாக ஒரு நாய்

ராஜபாளையம் பேருந்து நிலையச் சுவரில் இயேசுவை வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையோடுதான் போனேன். தோளில் ஆட்டுக்குட்டியோடு நல்ல மேய்ப்பராக நின்றார். ஆனால் காலடியில் ஒரு நாய்! எங்கள் ஊர் வெள்ளை வேட்டைநாய். எங்கள் சபையார் நாலைந்து பேர் ஏற்கெனவே கொதித்துப்போய் நின்றார்கள். எனக்கும் சுருக்கென்றது. நாய் என்பது வசைச்சொல் அல்லவா?

"ஆண்டவர் பக்கத்துல நாயா? அழிச்சிரும்மா" என்றேன், வரைந்துகொண்டிருந்த பெண்ணிடம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, இந்து.

அவள் கோபப்படவில்லை. "மனசு நோகுதுன்னா அழிச்சிருதேன் அண்ணாச்சி. எங்கப்பா ராத்திரி வயல்ல ஆடுகள மடக்கிக் கிடை போடுறவரு. நாய் காவல் இருந்தாத்தான் செத்த நேரமாவது கண்ணசருவாரு. இவருக்கும் அசதியா இருக்கும்லா? அதான் தொணைக்கு விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.

உறங்காதவர் என்றே அவரைப் பாடிப் பழகியவன் நான். அவரிடம் கேட்டுக் கேட்டே வாழ்ந்துவிட்டேன். அவருக்கு அசதியாக இருக்குமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"வேண்டாம்மா, நாய் இருக்கட்டும்" என்றேன். சபையாரில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அன்றைய ஜெபத்தில் நான் எதையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு, "நீரும் செத்த நேரம் கண்ணசரும் ஆண்டவரே" என்றேன்.